கடல் கடந்து செல்வோரும் முறைக்காய்ச்சலும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் தமிழாசிரியன் ஒருவன் பேச எழுந்தால் சீவக சிந்தாமணியையோ நீலகேசியையோ எடுத்துக்கொள்வான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இம்முறை அறக்கட்டளையார் என்னிடம் வேறொரு பொருளைக் கேட்டனர். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து நம் ஊர்களில் பிள்ளைகள் படித்து முடித்தால் ஒரு காலத்தில் சென்னைக்குப் போனார்கள். பின்னர் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். இப்போது நைஜீரியா, கானா, தான்சானியா, மொசாம்பிக் என்னும் பெயர்களும் நம் திண்ணைப் பேச்சில் அடிபடுகின்றன. அவ்வாறு ஆப்பிரிக்கக் கண்டத்துக்குச் செல்வோர்க்கு மலேரியா என்னும் காய்ச்சலைப் பற்றி மூத்தவர் ஒருவர் எடுத்துரைக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம்.

நான் மருத்துவன் அல்லன். உலக நலவாழ்வு நிறுவனமும் பயண மருத்துவம் அறிந்தோரும் கூறுவனவற்றைத் தொகுத்து, நம் அறநெறியோடு பொருத்திப் பார்த்துச் சொல்வது ஒன்றே என் பணி. மருந்துகளின் பெயரை நான் சொல்லக்கூடும். எவருக்கு எது, எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

இப்பொருளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழுவதைக் கேட்டிருக்கிறேன். ஒன்று, "நம்மூரில் கடிக்காத கொசுவா அங்கே கடித்துவிடப் போகிறது?" என்பது. மற்றொன்று, "கொசுவுக்கு எதிரான பொருளைச் சிராவகன் கையில் எடுக்கலாமா?" என்பது. முதற்கேள்விக்கு விடை நிலநூலில் இருக்கிறது. இரண்டாம் கேள்விக்கு விடை நம் அறநூல்களில் இருக்கிறது. இரண்டையும் முறையே காண்போம்.

நோய் வரும் வழி

குளிர் கண்டு, உடல் நடுங்கி, காய்ச்சல் ஏறி, வியர்த்துத் தணிந்து, ஒருநாள் விட்டு மீண்டும் வருவதனால் நம் முன்னோர் இதனை முறைக்காய்ச்சல் என்றனர். இத்தாலியர் கெட்ட காற்றால் வருவது என்று கருதி மலேரியா எனப் பெயரிட்டனர். காற்றன்று காரணம் என்பதை முதலில் காட்டிய இடம் ஆப்பிரிக்க மண்ணே. 1880-ஆம் ஆண்டு அல்ஜீரியா நாட்டின் கான்ஸ்டன்டைன் நகரில், பிரெஞ்சுப் படை மருத்துவர் லாவரான் நோயாளியின் குருதியில் நுண்ணுயிரைக் கண்டார். அந்நுண்ணுயிர் கொசுவின் உடலில் வளர்வதை 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்திராபாத்தில் கண்டவர் ரொனால்டு ராஸ். இமயமலைச் சாரலில் அல்மோராவில் பிறந்தவர். ராசுக்கு 1902-இலும் லாவரானுக்கு 1907-இலும் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். கொசு இந்நோயோடு பிறப்பதில்லை. நோயுற்ற மனிதரைக் கடித்தபோதுதான் நுண்ணுயிர் அதன் வயிற்றுக்குள் செல்கிறது. அங்கே பத்து நாள், இரண்டு வாரம் வளர்ந்து, பின்பு அக்கொசு வேறொருவரைக் கடிக்கும்போது அவர் குருதியில் கலக்கிறது. மனிதனிடமிருந்து மனிதனுக்கு நோயைச் சுமந்து செல்லும் சிற்றுயிரே கொசு. அதிலும் அனாபிலிஸ் இனத்துப் பெண் கொசு மட்டுமே இதைச் செய்கிறது. அது கதிரவன் மறைந்தது முதல் விடியும்வரை கடிப்பது.

கொசுவின் உடலில் நுண்ணுயிர் வளர வெப்பம் வேண்டும். கொடிய வகையான ஃபால்சிபாரம் ஏறத்தாழ 18 பாகை செல்சியசுக்குக் கீழே வளர்வதில்லை. கொசு முட்டையிடத் தேங்கிய நீரும் வேண்டும். வெப்பம், நீர், நோயுற்ற மனிதர் என்னும் மூன்றும் கூடுமிடத்தில் நோய் பரவும். ஒன்று குறையினும் அடங்கும். இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் ஆப்பிரிக்க வரைபடத்தை நாமே படித்துவிடலாம்.

ஒரு கண்டம், பல நிலங்கள்

2023-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 26 கோடியே 30 லட்சம் பேர் மலேரியாவுற்றனர். 5,97,000 பேர் இறந்தனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு. இறந்தவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைவர் ஆப்பிரிக்கப் பகுதியினர். அவர்களுள்ளும் நான்கில் மூவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இவ்வெண்களைக் கேட்டவுடன், ஆப்பிரிக்கா முழுவதும் ஒரே அச்சம் என்று எண்ணிவிடலாகாது. அச்சம் இடத்துக்கு இடம் மாறுகிறது.

வடக்கே மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து ஆகிய நாடுகளில் இப்போது மலேரியா இல்லை. மொராக்கோ 2010-இலும், அல்ஜீரியா 2019-இலும், எகிப்து 2024-இலும் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றினைப் பெற்றன. நோயின் நுண்ணுயிரை முதலில் கண்ட அதே அல்ஜீரிய மண் நோயிலிருந்து விடுபட ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் ஆயின. பிரமிடுகளைக் காணக் கெய்ரோ செல்வோர் மலேரியாத் தடுப்பு மாத்திரை உண்ண வேண்டியதில்லை.

சகாராப் பாலைக்குத் தெற்கே இறங்கினால் நிலை முற்றிலும் வேறு. செனகல் தொடங்கி கானா, நைஜீரியா, கேமரூன், காங்கோ ஈறாக மேற்கும் நடுவும் மிக மிகுந்த ஆபத்துள்ள நிலங்கள். அங்கே பெருநகரம், சிற்றூர் என்னும் வேறுபாடு பாராது, ஆண்டு முழுவதும் தற்காப்பு வேண்டும். பாலையை ஒட்டிய மாலி, நைஜர் போன்ற பகுதிகளில் மழைக்காலத்தில் நோய் உச்சம் அடையும். உலகில் மலேரியாவால் இறப்போர் பதின்மருள் மூவர் நைஜீரிய நாட்டவர். லாகோசில் குளிரூட்டிய அலுவலகத்தில் வேலை என்பதனால் அச்சமில்லை என்று எண்ணும் இளைஞர் இதை நினைவிற் கொள்ள வேண்டும். அலுவலகம் மாலையில் மூடிவிடும். கொசு அதன் பின்னர்தான் புறப்படும்.

கிழக்கே மலையுயரம் நோயை வகுக்கிறது. கென்யாவின் மொம்பாசா கடற்கரைத் துறைமுகம். அங்கே நோய் உண்டு. நைரோபி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஆபத்து மிகக் குறைவு. ஆனால் விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமு மீண்டும் மிகுந்த ஆபத்துள்ள இடம். எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேல் இருப்பதால் நோயற்றது. அந்நாட்டின் தாழ்நிலங்கள் அவ்வாறல்ல. தான்சானியாவில் கிளிமஞ்சாரோ மலையின் உச்சியில் கொசு இல்லை. மலையேறுவோர் முந்திய இரவு தங்கும் அடிவார ஊரில் உண்டு. உகாண்டாவில் நாடு முழுவதும் உண்டு.

கென்யாவைப் பற்றி இன்னொரு சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மொம்பாசாவிலிருந்து உள்நாட்டுக்கு இருப்புப்பாதை இட 30,000-க்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பலரை நோய்கள் கொண்டுபோயின. மலேரியாவும் அவற்றுள் ஒன்று. அக்காலத்தில் குஜராத்திலிருந்து சென்று குடியேறிய நம் சமணச் சகோதரர்கள் மொம்பாசாவிலும் நைரோபியிலும் சினாலயங்கள் எழுப்பி வழிபட்டு வருகின்றனர். அவற்றைத் தரிசிக்க விரும்பி ஒரே பயணத்தில் இரு நகரங்களுக்கும் செல்வோர், "நைரோபியில் ஆபத்துக் குறைவாமே" என்று கேள்விப்பட்டு மாத்திரையை விட்டுவிட்டால், மொம்பாசாவில் கழித்த மூன்று இரவுகள் தீங்காகக்கூடும். பயணத்தின் ஒவ்வோர் இரவும் எங்கே கழிகிறது என்பதே மருத்துவர்க்குச் சொல்ல வேண்டிய செய்தி.

தெற்கே இடத்தோடு பருவமும் சேர்ந்துகொள்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன், டர்பன் நகரங்களில் மலேரியா இல்லை. 1860-இல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழரின் வழித்தோன்றல்கள் வாழும் டர்பனுக்குச் செல்வோர் இதைப் பற்றிக் கவலை கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதே நாட்டின் வடகிழக்கு மூலையில், க்ரூகர் வனவிலங்குக் காப்பகம் இருக்கும் தாழ்நிலத்தில், செப்டம்பர் முதல் மே வரை நோய் உண்டு. போட்சுவானா, நமீபியா நாடுகளில் வடபகுதிகளில் மட்டும், மழையோடு மிகும். ஜிம்பாப்வேயில் தலைநகர் ஹராரேயில் ஆபத்து மிகச் சிறிது. சாம்பேசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் உண்டு. மொசாம்பிக்கில் நாடு முழுவதும் மிகுதி. மலைநாடான லெசோத்தோவில் இல்லை.

தீவுகளில் மொரீஷியசும் சீஷெல்சும் நோயற்றவை. மடகாஸ்கரிலும் கொமொரோசிலும் நோய் உண்டு. இன்று நோயற்ற மொரீஷியசிலும் 1867-இல் வந்த பெருங்காய்ச்சலில் பல்லாயிரம் பேர் மாண்டனர். கரும்புத் தோட்டங்களில் உழைத்த நம்மவர்களும் அதில் அழிந்தனர். ரொனால்டு ராசே பிற்காலத்தில் அங்கே சென்று தடுப்புமுறைகளை ஆராய்ந்தார். 1973-இல் அத்தீவு நோயற்றது என்னும் சான்றினைப் பெற்றது. மேற்குக் கடலில் உள்ள கேப் வெர்டி தீவுகள் 2024-இல் அச்சான்றினைப் பெற்றன. முயன்றால் இந்நோயை ஒழிக்க முடியும் என்பதற்கு இவை சாட்சி.

"நம்மூர்க் கொசு தானே"

இனி முதற்கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் கொசு கடித்துப் பழகியவர்களுக்கு அங்கே எதிர்ப்பாற்றல் உண்டு என்பது தவறு. ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் வளர்ந்து, பிள்ளைப்பருவம் முதல் பலமுறை நோயுற்றுப் பிழைத்தவர்களுக்கு ஓரளவு தாங்கும் ஆற்றல் வருகிறது. அவர்களே ஊரைவிட்டுச் சில ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்தால் அதை இழந்துவிடுகின்றனர். நம் பிள்ளைகளுக்கு அது தொடக்கத்திலேயே இல்லை. நம் நாட்டில் ஃபால்சிபாரம், வைவாக்ஸ் ஆகிய இருவகையும் உண்டு. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் ஆட்சி செய்வது கொடியதாகிய ஃபால்சிபாரம். நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்த குளோரோகுவின் மாத்திரை அங்குள்ள ஃபால்சிபாரத்துக்கு எதிரே பயன் இழந்துவிட்டது.

உண்மையில் நம்மூர்க் கொசு ஒன்று அங்கே குடியேறியுள்ளது. சென்னையில் மாடித்தொட்டிகளிலும் கிணறுகளிலும் முட்டையிட்டு மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் வகை. ஆப்பிரிக்கக் கொசுக்கள் பெரும்பாலும் நாட்டுப்புறத்தன; நகரத்தின் தொட்டி நீரை விரும்புவன அல்ல. ஸ்டீபன்சி நகரத்தது. 2012-இல் அது ஜிபூட்டி நாட்டில் காணப்பட்டது. அவ்வாண்டு அங்கே நோயுற்றதாகப் பதிவானோர் 27 பேர்; 2020-இல் 70,000-க்கும் மேற்பட்டோர். பின்னர் எத்தியோப்பியாவுக்கும் சூடானுக்கும் பிற நாடுகளுக்கும் அது பரவியது. 2022-இல் எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரில் மழையில்லாக் காலத்திலேயே நோய் வெடித்தது. நகரத்தில் இருப்பவர்க்கு அச்சமில்லை என்னும் பழைய ஆறுதலை இக்கொசு குறைத்துவிட்டது.

அறம் என்ன சொல்கிறது?

இரண்டாம் கேள்வி, நம் குடும்பங்களில் உண்மையான மனவேதனையோடு கேட்கப்படுவது. அதை எள்ளி ஒதுக்குவது முறையன்று. கொசு நான்கறிவுயிர். தொல்காப்பியரும் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்தவர். நம் ஆகமங்களும் அவ்வாறே வகுக்கின்றன. நான்கு புலன்களால் இன்ப துன்பம் உணரும் ஓர் உயிரைக் கொல்லத் தயங்கும் உள்ளம், பேணத்தக்க உள்ளம்.

சிலர், "முனிவர்கள் பொறுக்கும் இருபத்திரண்டு பரீஷகங்களுள் ஈயும் கொசுவும் கடிப்பதைப் பொறுத்தலும் ஒன்றல்லவா? நாமும் பொறுத்தால் என்ன?" என்பர். அது துறவறத்தாரின் நோன்பு. இல்லறத்தார்க்கு அறநூல்கள் வகுத்தது அணுவிரதம். இல்லறத்தான் நேரும் இம்சையை அவை நான்காகப் பிரிக்கின்றன. வேண்டுமென்றே எண்ணிச் செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்வாழ்க்கைச் செயல்களில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேர்வது விரோதி. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும்.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு பார்த்தால், மலேரியாவுக்கு எதிரான தற்காப்பில் பெரும்பகுதி எவ்வுயிரையும் கொல்லாதது என்பது விளங்கும். கொசுவலை கொல்வதில்லை, இடையே திரை இடுகிறது. முழுக்கைச் சட்டை கொல்வதில்லை. சன்னல் கம்பிவலை கொல்வதில்லை. தோலில் பூசும் விலக்கித் தைலம் கொசுவைக் கொல்வதற்காக அன்று, அண்டாமல் விலக்குவதற்காக. நம் முனிவர்கள் கையில் ஏந்தும் மயிற்பீலியின் வேலையும் இதுதானே: சிற்றுயிர்க்கு ஊறு செய்யாமல் ஒதுக்குதல். தொட்டியை மூடி வைப்பதும் கொல்லாமை சார்ந்ததே. திறந்த தொட்டியில் ஆயிரக்கணக்கான புழுக்களைப் பிறக்கவிட்டுப் பின்னர் மருந்து தெளித்து அழிப்பதைவிட, பிறக்கும் இடத்தையே இல்லாமல் செய்வது யத்னாசாரம், அதாவது விழிப்போடு ஒழுகுதல்.

பூச்சிமருந்து ஊட்டிய வலை, கொசுவைக் கொல்லும். அதில் படுக்க மனம் ஒப்பாதவர் மருந்தில்லா வலையைப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் சிறு கிழிசலும் இருக்கக் கூடாது, விளிம்பை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். மருந்து ஊட்டிய வலையே மேலான காப்பு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நோய் மிகுந்த நாட்டில் குழந்தையோடு வாழும் தாய் அதனைத் தேர்ந்தால், அது விரோதி வகையினது. அவள் மேல் குற்றம் சுமத்த வேண்டா.

நோய்க்கு மருந்துண்பதில் ஐயமே கூடாது. மருத்துவம் செய்துகொள்ளாத நோயாளி தான் துன்புறுவதோடு நிற்பதில்லை. அவனைக் கடிக்கும் கொசு வழியாக அண்டை வீட்டுக் குழந்தைக்கும் நோய் செல்கிறது. தன்னைக் காத்துக்கொள்வது அங்கே பிறரைக் காப்பதும் ஆகிறது. நான்கு தானங்களுள் ஔடத தானத்தையும் அபய தானத்தையும் வைத்த நம் முன்னோர் இதை உணர்ந்தவர்கள்.

செய்ய வேண்டுவன

பயணத்துக்கு ஆறு வாரங்களுக்கு முன்னரே பயண மருத்துவம் அறிந்த மருத்துவரைக் காணுங்கள். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டோமே, அது மலேரியாவுக்கும் சேர்த்துத்தான் என்று பலர் எண்ணுகின்றனர். அவை வேறு வேறு நோய்கள். கிண்டி கிங் நிலையம் போன்ற இடங்களில் போடப்படும் அவ்வூசி மஞ்சள் காய்ச்சலை மட்டுமே தடுக்கும். மலேரியாவுக்கு இப்போது வந்துள்ள இரு தடுப்பூசிகளும், நம் நாட்டுப் புனேயில் தயாராவது உட்பட, நோயுள்ள நாடுகளில் வாழும் குழந்தைகளுக்கானவை, பயணிகளுக்கானவை அல்ல.

பயணிகளுக்குப் பெரிதும் தரப்படும் தடுப்பு மருந்துகள் மூன்று. மெஃப்ளோகுவின் வாரம் ஒருமுறை உண்பது. பயணத்துக்கு இரண்டு, மூன்று வாரம் முன் தொடங்கித் திரும்பிய பின் நான்கு வாரம் தொடர வேண்டும். வலிப்பு, மனநோய் உள்ளோர்க்கு அது ஆகாது. டாக்சிசைக்ளின் நாள்தோறும் உண்பது; இதற்கும் திரும்பிய பின் நான்கு வாரம். கருவுற்றோர்க்கும் எட்டு வயதுக்குட்பட்டோர்க்கும் பொருந்தாது. அடோவகுவோனும் புரோகுவானிலும் சேர்ந்த மாத்திரை நாள்தோறும் உண்பது. திரும்பிய பின் ஏழு நாள் போதும். ஊர் திரும்பியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது பலர் செய்யும் பிழை. கடைசி இரவில் உடலுள் புகுந்த நுண்ணுயிர்க்கும் மருந்து வேண்டும் அல்லவா?

நம் ஒழுக்கத்தோடு தொடர்புடைய சில குறிப்புகள். டாக்சிசைக்ளின் பெரும்பாலும் கூட்டுறையில் வருகிறது. அவ்வுறை பலவற்றில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. வில்லை வடிவிலும் அம்மருந்து உண்டு, கேட்டுப் பெறுங்கள். அடோவகுவோன் மாத்திரையை உணவோடு அல்லது பாலோடு உண்டால்தான் உடலில் சேரும். எனவே தசலக்ஷண பர்வத்தில் உபவாசம் இருக்கக் கருதுவோர் மருத்துவரிடம் முன்னரே சொல்லி மருந்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். காய்ச்சல் கண்டபின் உபவாசத்தைத் தொடர்வது கூடவே கூடாது. நீரை வடிகட்டிப் பருகும் நம் வழக்கம் நல்லது. ஆனால் மலேரியா குடிநீரால் வருவதன்று. இரவுண்ணாமையைக் கடைப்பிடிப்பவர் மாலை விருந்துகளில் திறந்த வெளியில் அமர வேண்டியிராது. அது ஒரு நன்மை. ஆயினும் ஆப்பிரிக்கக் கொசு மிகுதியும் கடிப்பது நள்ளிரவுக்குப் பின், நாம் உறங்கும்போது. எனவே வலையே முதற்காப்பு. பூண்டு உண்டால் கொசு அண்டாது என்று எவரேனும் சொன்னால் அதற்காக நோன்பைக் கைவிட வேண்டா, அதற்குச் சான்றில்லை. நிலவேம்புக் குடிநீரும் தடுப்பு மாத்திரைக்கு ஈடாகாது.

கருவுற்ற பெண்கள் நோய் மிகுந்த பகுதிகளுக்குச் செல்வதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தங்கப் போவோர், நீண்டகாலத் தடுப்பு முறையைப் பற்றி மருத்துவரிடம் தனியே பேச வேண்டும். முதல் மூன்று மாதம் ஒழுங்காக வலைகட்டிப் படுத்து, பின்னர் அலுத்து விட்டுவிடுவது அவர்களுள் பலர் வழக்கம். போலி மருந்துகள் அங்குள்ள சில கடைகளில் புழங்குவதால் மருந்தை இங்கேயே வாங்கிச் செல்வது நன்று.

திரும்பி வந்த பின்

எங்கள் உறவில் ஓர் இளைஞர் மேற்கு ஆப்பிரிக்காவில் ஈராண்டு பணி செய்து ஊர் திரும்பினார். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் கண்டது. அருகிலிருந்த மருத்துவமனையில் பருவக் காய்ச்சல் என்று மாத்திரை தந்தனர். அவர் எங்கிருந்து வந்தார் என்று எவரும் கேட்கவில்லை, வீட்டாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பேச்சுக் குழறியது. வேறு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது அவர் தாய் தற்செயலாக ஆப்பிரிக்கா என்று சொன்னார். உடனே குருதிச் சோதனை செய்தனர், ஃபால்சிபாரம். ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்தார். அந்தத் தாய் வாயிலிருந்து வந்த ஒரு சொல் அவரைக் காத்தது.

ஃபால்சிபாரம் பெரும்பாலும் கடித்த ஏழு நாளுக்குப் பின்னர், மூன்று மாதத்துக்குள் வெளிப்படும். வேறு வகைகள் ஓராண்டு கழித்தும் வெளிப்படும். காய்ச்சல் தொடங்கி ஒருநாள் தாமதித்தாலும் அது உயிர்க்கு இறுதியாகலாம். எனவே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த எவர்க்கும் காய்ச்சல் கண்டால், மாத்திரை ஒழுங்காக உண்டிருந்தாலும், அன்றைக்கே குருதிச் சோதனை செய்ய வேண்டும். நம் அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் அதனைக் கட்டணமின்றிச் செய்கின்றனர். முதற்சோதனையில் நோய் இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் நீங்காவிடில் மறுநாளும் அதற்கு மறுநாளும் செய்ய வேண்டும். காலத்தே கண்டால் ஆர்ட்டிமிசினின் சேர்ந்த மருந்துகளால் நன்கு குணமாகும் நோய் இது. பழைய சீன மருத்துவ மூலிகை ஒன்றிலிருந்து அம்மருந்தைக் கண்ட தூ யூயூ அம்மையார்க்கு 2015-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்னொன்று: இந்நோய் குருதி வழியாகவும் பரவும். நம் விழாக்களில் குருதிக்கொடை முகாம் நடத்துகிறோம். அண்மையில் அந்நாடுகளிலிருந்து வந்தவர்கள் கொடை தருமுன் தம் பயணத்தை அங்கே சொல்ல வேண்டும்.

அறக்கட்டளையார்க்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகளின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். செல்லுமுன் ஒருவர் உடன்சென்று மருத்துவரைக் காணச் செய்வோம். இயலாதவர்க்கு ஒரு வலையும் மருந்துச் செலவும் ஔடத தானமாகத் தருவோம். திரும்பி வந்தவர் வீட்டுக்கு மூன்று மாதம்வரை மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசி, "காய்ச்சல் ஏதும் உண்டா?" என்று கேட்போம். பெரிய பொருட்செலவு இல்லை. நான்கு இளைஞர்கள் பொறுப்பேற்றால் போதும். இவ்வுரை முடிந்தபின் அக்குறிப்பேடு வாயிலருகே வைக்கப்பட்டிருக்கும். யார் வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில், எந்த ஊரில் இருக்கிறார் என்பதை எழுதிவிட்டுச் செல்லுங்கள்.